‘மார்க்கெட் போச்சு’ என்னும் தீர்ப்பு

ஒரு சினிமா நடிகர் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் நடிக்கப் போகிறார் என்று செய்தி வருகிறது. எழுதியவர், படித்தவர், பகிர்ந்தவர் எல்லோரும் ஒரே தீர்ப்புக்கு வந்துவிடுகிறார்கள்: ஆளுக்கு மார்க்கெட் போச்சு. டீக்கடைப் பேச்சு என்றால் விட்டுவிடலாம். ஆனால் பேட்டி எடுப்பவரின் முதல் கேள்வி அதைத்தான் சுற்றி வருகிறது. சம்பளம் பேசும் தயாரிப்பாளரும் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார். சில நேரம் நடிகரே அதை நம்பி, ‘ஒரு சேஞ்சுக்காகத்தான்’ என்று குரலைத் தாழ்த்திச் சமாதானம் சொல்கிறார். குற்றம் எதுவும் செய்யாதவர் ஏன் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்?

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுவது நியாயம். அவர்கள் சொல்வது இது. உச்சத்தில் இருக்கும் நடிகர் எவரும் தொடருக்குப் போவதில்லை. படங்கள் குறைந்த பிறகே போகிறார்கள். வீட்டுக் கூடத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் முகத்துக்கு யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். தொடர்களின் அவசரமும் மிகையும் நடிப்பைக் கெடுத்துவிடும். ஒருமுறை கெட்டால் கேமரா முன் அது மறையாது. கடைசியாக, பெரிய நட்சத்திரங்கள் தொடருக்குப் போய் மண்ணைக் கவ்விய வரலாறு இருக்கிறது; அதை யாரும் மறுக்க முடியாது. இந்த நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தைக் கொண்டு கட்டிய முடிவுதான் தவறு.

1. உங்கள் கோபம் உண்மையில் யார் மேல்?

தொலைக்காட்சி மேல் என்றால், 2000-இல் அமிதாப் பச்சன் ‘கோன் பனேகா குரோர்பதி’யில் உட்கார்ந்தபோதே அதைக் காட்டியிருக்க வேண்டும். அவருடைய நிறுவனம் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது, படங்கள் ஓடவில்லை. ‘மார்க்கெட் போனதால் வந்தார்’ என்ற வாக்கியம் எவருக்காவது கச்சிதமாகப் பொருந்தியது என்றால் அன்று அவருக்குத்தான். இன்று அதைச் சரிவு என்று யாராவது சொல்கிறார்களா? மறுபிறவி என்கிறார்கள். தமிழில் சூர்யா 2012-இல் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நடத்தினார். கமல்ஹாசன் 2017-இலிருந்து ‘பிக் பாஸ்’ நடத்தினார், பின்னர் அந்த இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார். அதெல்லாம் கௌரவம்.

ஆக, நடிகர் தொலைக்காட்சியில் கேள்வி கேட்கலாம், பரிசு கொடுக்கலாம், வார இறுதியில் போட்டியாளர்களைக் கண்டிக்கலாம். தன் தொழிலான நடிப்பை மட்டும் அங்கே செய்துவிடக் கூடாது. இந்த விதியை வகுத்தவர் யார் என்று தெரிந்தால் ஒரு கும்பிடு போடலாம்.

ஓடிடி வந்த பிறகு இந்த அபத்தம் இன்னும் அப்பட்டமாகிவிட்டது. மைக்கேல் டக்ளஸ் ‘தி கோமின்ஸ்கி மெத்தட்’ தொடரில் அரைமணி நேர நகைச்சுவைதான் செய்தார். ஜேன் ஃபோண்டா 2015-லிருந்து 2022 வரை ‘கிரேஸ் அண்ட் ஃப்ராங்கி’ என்று 94 எபிசோட் நடித்தார். தமிழில் ஜெய் ‘ட்ரிபிள்ஸ்’ நடித்தார். சந்தா கட்டிப் பார்த்தால் கலை, கேபிளில் வந்தால் சீரியல். இது கலை பற்றிய கருத்தே அல்ல, பார்க்கிறவரின் வீட்டு வருமானம் பற்றிய கருத்து.

2. முன்னால் நடந்தது காரணமாகிவிடுமா?

படம் குறைந்தது, பிறகு தொடருக்குப் போனார். ஆகவே படம் குறைந்ததால் தாழ்ந்து போனார். இந்த ‘ஆகவே’யில்தான் ஓட்டை. படம் ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. நடிகருக்குத் திறமை வற்றியது ஒரு காரணமாக இருக்கலாம். அவரை என்ன செய்வது என்று சினிமாவுக்குத் தெரியவில்லை என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். இரண்டாவதை யாரும் யோசித்துப் பார்ப்பதே இல்லை.

அதற்கு உதாரணம் அமெரிக்க நடிகை லூசில் பால். 1933-லிருந்து ஹாலிவுட்டில் இருந்தார். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் மாதச் சம்பள நடிகை, பிறகு எம்.ஜி.எம். பதினெட்டு ஆண்டுகளில் ஏராளமான படங்கள். கிடைத்த பட்டம், ‘பி படங்களின் ராணி’, அதாவது மலிவுப் படங்களின் ராணி. அழகான முகம், சிவப்புத் தலைமுடி, பாட்டுக்கும் கூட்டத்துக்கும் ஆகும் பெண் என்பதே அந்த ஸ்டுடியோக்கள் போட்ட கணக்கு. உடம்பு முழுவதையும் சிரிப்புக்குப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு மேதை தங்கள் சம்பளப் பட்டியலில் இருப்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை. 1951 அக்டோபர் 15 அன்று அவருடைய ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடர் சி.பி.எஸ். சானலில் தொடங்கியது. 1953 ஜனவரி 19 அன்று கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்த எபிசோடைச் சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

நம் தீர்ப்பாளர்கள் 1951-இல் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? நாற்பது வயது நடிகை, பட வாய்ப்பு இல்லை, டிவிக்குப் போகிறார். ஒவ்வொரு சொல்லும் தகவலாகச் சரி. முடிவு மட்டும் முழுப் பிழை.

அந்தக் கதையில் எனக்கு இன்னும் சுவையான பகுதி பணம் சம்பந்தப்பட்டது. நியூயார்க்கிலிருந்து நேரலையாகச் செய்யுங்கள் என்றது சானலும் சிகரெட் கம்பெனி விளம்பரதாரரும். லூசியும் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம், ஃபிலிமில் படம்பிடிப்போம் என்றார்கள். செலவு கூடும் என்று சானல் முனக, சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், எடுத்த படச்சுருள்களின் உரிமை எங்களுக்கு என்றார்கள். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு இரண்டாவது மதிப்பு உண்டு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை, கொடுத்துவிட்டார்கள். பின்னாளில் அதே உரிமையைப் பல மில்லியன் டாலர் கொடுத்துச் சானல் திரும்ப வாங்கியது. 1957-இல் தம்பதியின் டெசிலு நிறுவனம் ஒரு ஸ்டுடியோவை விலைபேசியது. எந்த ஸ்டுடியோ? ஆர்.கே.ஓ. தன்னை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்த அதே இடத்துக்கு முதலாளியம்மாவாகப் போய்ச் சேர்ந்தார் லூசி. இதற்குப் பெயர் இறக்கம் என்றால், ஏற்றம் எப்படி இருக்கும் என்று யாராவது விளக்க வேண்டும்.

நம் ஊரில் இதே பாடத்தைப் படித்தவர் ராதிகா. அவர் செய்தது நகைச்சுவைத் தொடர் அல்ல, குடும்பத் தொடர். ஆனால் கணக்கு ஒன்றுதான். 1978-இல் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமானவர், 1999-இல் ‘சித்தி’யில் நடித்தபோது ராடான் என்ற தன் நிறுவனத்தின் தயாரிப்பில் நடித்தார். தொடருக்குப் போனார் என்பது பாதிச் செய்தி. உரிமையாளராகப் போனார் என்பதே முழுச் செய்தி. அந்த மறுபாதியைத் தலைப்பில் போட மாட்டார்கள்.

3. இலவசமாகப் பார்த்த முகத்துக்கு டிக்கெட் விற்காதா?

இது தியேட்டர்காரர்களின் பழைய பயம். தர்க்கமாகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பார்த்தால் நிற்கவில்லை. சன் டிவியில் ‘வம்சம்’ 2013-லிருந்து 2017 வரை ஓடியது. ரம்யா கிருஷ்ணன் அதில் கதாநாயகி, வீடு வீடாகத் தெரிந்த முகம். அதே காலத்துக்குள் 2015-லும் 2017-லும் ‘பாகுபலி’யின் இரு பாகங்கள் வந்தன. அவற்றில் அவர் நடித்த சிவகாமியைப் பார்க்கக் கூட்டம் குறைந்ததா?

ஹாலிவுட் நடிகர் பிரெட் மக்மரேயின் கதை இன்னும் வேடிக்கை. 1960-இல் ‘மை த்ரீ சன்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரை ஒப்புக்கொண்டபோது, ஆண்டுக்கு 65 நாள்தான் கால்ஷீட் என்றார். ஒரு சீசனின் எல்லா எபிசோடுகளுக்குமான கதைகளை முன்கூட்டியே எழுதி வைத்து, அவர் வரும் காட்சிகளை மட்டும் மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். சமையலறைக் காட்சி என்றால் பல எபிசோடுகளின் சமையலறைக் காட்சிகள் ஒரே மூச்சில். மீதி நாட்களில் அவர் சினிமாவில் இருந்தார். தொடர் தொடங்கிய 1960-இல்தான் பில்லி வைல்டரின் ‘தி அபார்ட்மென்ட்’ வந்தது. மறு ஆண்டு டிஸ்னியின் ‘தி ஆப்சென்ட் மைண்டட் ப்ரொஃபசர்’ வந்து நன்றாக ஓடியது. தொடர் 1972 வரை போயிற்று. வாராவாரம் வீட்டுக்கு வந்த மனிதரைத் தியேட்டரிலும் போய்ப் பார்த்தார்கள். மோசமான படத்துக்குக் கூட்டம் வராது. அந்தப் பழியைத் தொலைக்காட்சியின் தலையில் கட்டுவது தயாரிப்பாளருக்கு வசதி, அவ்வளவே.

4. நடிப்பு கெடும் என்கிறீர்கள். யாருடையது கெட்டது?

ஒரு விட்டுக்கொடுத்தல்: ஒரே நாளில் பக்கம் பக்கமாக வசனம் எடுத்துத் தள்ளும் தினசரித் தொடர், எந்த நடிகருக்கும் தண்டனை. பின்னாலிருந்து பிராம்ப்டிங் கேட்டு முகத்தைத் திருப்பி, மூன்று முறை க்ளோஸப் வாங்கி, இடி முழக்கத்தோடு காட்சியை முடிப்பதைக் கலை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அது வேகத்தின் குற்றம், பட்ஜெட்டின் குற்றம். நகைச்சுவைத் தொடர் என்ற வடிவத்தின் மேல் அதை ஏற்றக் கூடாது.

அந்த வடிவம் நடிகரிடம் கேட்பது என்ன? அரைமணிக்கும் குறைவான நேரத்தில் ஒரு சிக்கல் தொடங்கி, முற்றி, அவிழ வேண்டும். முடிவில் பாத்திரம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் தொடர் இல்லை. அதாவது நூறு வாரம் அதே கஞ்சனாக, அதே தற்பெருமைக்காரனாக இருந்துகொண்டு, நூறு தடவையும் புதிதாகச் சிரிக்க வைக்க வேண்டும். சினிமாவில் ஒரு நல்ல காட்சியும் ஒரு நல்ல எடிட்டரும் ஒருவரைக் காப்பாற்றிவிடலாம். இங்கே மூன்றாவது வாரமே குட்டு வெளிப்பட்டுவிடும்.

தமிழுக்கு இது அந்நியச் சரக்கும் அல்ல. நம் சினிமா நகைச்சுவை சபா மேடையிலிருந்து வந்தது. நாகேஷ், சோ, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று பட்டியல் நீளும். வரவேற்பறை செட், நாலைந்து பாத்திரங்கள், தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு தகவல், வாசலில் நிற்கும் மாமனார். சபா நாடகத்தின் இந்த இலக்கணமும் அரைமணித் தொடரின் இலக்கணமும் ஏறக்குறைய ஒன்று. தூர்தர்ஷன் நாட்களில் சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’ அவ்வளவு எளிதாக வீட்டுக்குள் நுழைந்ததற்கு அதுதான் காரணம். சினிமாவிலிருந்து இங்கே வரும் நகைச்சுவை நடிகர் தாய்வீட்டுக்குப் போகிறவர் மாதிரி. வழி கேட்கத் தேவையில்லை.

இனி கெட்டுப்போனவர்களைப் பார்ப்போம். இந்தி நடிகர் பங்கஜ் கபூர் 2001-இல் தொடங்கிய ‘ஆஃபீஸ் ஆஃபீஸ்’ தொடரில், அரசு அலுவலகங்களில் மேசை மேசையாக அலைக்கழிக்கப்படும் முசத்தி லாலாக நடித்தார். அதே காலகட்டத்தில் விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ படத்தில் அப்பாஜி என்னும் கிழட்டுத் தாதாவாக நடித்து, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வாங்கினார். தொலைக்காட்சியில் எல்லோரிடமும் கெஞ்சிய குரல், திரையில் எல்லோரையும் நடுங்க வைத்தது. கே.பி.ஏ.சி. லலிதா ‘அமரம்’, ‘சாந்தம்’ இரண்டுக்கும் தேசிய விருது வாங்கிய பிறகு, மலையாளத்தில் ‘தட்டீம் முட்டீம்’ தொடரில் வம்புக்கார மாமியாராக ஆண்டுக்கணக்கில் நடித்தார். கேரள சங்கீத நாடக அகாடமிக்கு அவரைத் தலைவராக்கியபோது அந்தத் தொடரை யாரும் கறையாகக் கருதவில்லை. இந்தி இயக்குநர் குந்தன் ஷா 1983-இல் ‘ஜானே பி தோ யாரோ’ எடுத்த கையோடு 1984-இல் தூர்தர்ஷனுக்கு ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ இயக்கினார். படத்தில் பிணமாக நடித்து நாட்டையே சிரிக்க வைத்த சதீஷ் ஷா, தொடரில் எபிசோடுக்கு ஒரு வேடம் கட்டினார்.

கேமராக்காரரையும் சொல்ல வேண்டும். ‘ஐ லவ் லூசி’யை ஒளிப்பதிவு செய்தவர் கார்ல் ஃப்ராய்ண்ட், ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர், ஆஸ்கர் வாங்கியவர். பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒன்றின் வெளிச்சம் மற்றொன்றுக்கு நிழலாகக் கூடாது. விளக்குகளை மேலே ஏற்றித் தரையைக் கேமராக்களுக்கு விட்டார் அவர். நிழலின் மேதை, நிழலே விழாத ஒளியமைப்பை அறுபது வயதுக்கு மேல் புதிதாகக் கண்டுபிடித்தார். மட்டமான வேலை என்று நினைத்தவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார்.

தமிழில் ஒரே ஓர் ஆள் போதும். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ நகைச்சுவைத் தொடரின் பட்டாபியை யாரும் மறக்கவில்லை. எம்.எஸ். பாஸ்கர் அந்தப் பட்டாபியால்தான் வீடுதோறும் தெரிந்த பெயரானார். 2025-இல் ‘பார்க்கிங்’ படத்துக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது அறிவித்தார்கள். சின்னத்திரை அவர் நடிப்பைக் கெடுத்திருந்தால், அதே மாதிரி இன்னும் நாலு பேரைக் கெடுக்கச் சொல்லலாம்.

5. தோற்ற நட்சத்திரங்களின் பட்டியல் எதை நிரூபிக்கிறது?

ஜேம்ஸ் ஸ்டீவர்ட் 1971-இல் தன் பெயரிலேயே ஒரு தொடர் செய்தார். ஒரு சீசனில் மூடிவிட்டார்கள். 2000-இல் பெட் மிட்லர் செய்தார், ஜீனா டேவிஸும் செய்தார். இரண்டும் ஒரே சீசன். உண்மைதான். மூன்று தலைப்புகளிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ‘தி ஜிம்மி ஸ்டீவர்ட் ஷோ’, ‘பெட்’, ‘தி ஜீனா டேவிஸ் ஷோ’. கதைக்குப் பெயர் இல்லை, நட்சத்திரம்தான் பெயர். ரசிகர்கள் ஏற்கெனவே நேசிக்கும் பிம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வரவேற்பறையில் வைத்தால் போதும் என்ற நினைப்பு. லூசியும் தலைப்பில் தன் பெயரை வைத்தார்தான். ஆனால் சாக்லேட் தொழிற்சாலையில் வாய் நிறையத் திணித்துக்கொண்டு விழிக்க அவர் தயாராக இருந்தார். தன் பிம்பத்தைத் தானே அவமானப்படுத்தத் தயாரில்லாத நட்சத்திரத்துக்கு இங்கே வேலை இல்லை. அலெக் பால்ட்வின் 2006-இல் ‘30 ராக்’ வந்தபோது, சினிமாவில் தனக்கிருந்த மிடுக்கான அதிகாரக் குரலையே கேலிப்பொருளாக்கினார். இரண்டு எம்மி விருதுகள் வந்தன.

தவிர, பெரிய நடிகரின் படம் படுத்துவிட்டால், ‘சினிமா இவருக்கு ஏற்ற இடமில்லை’ என்று எவரும் எழுதுவதில்லை. கதை சரியில்லை என்கிறார்கள். அதே சலுகையைத் தொடருக்குக் கொடுக்க என்ன தடை?

6. இந்தத் தீர்ப்பின் விலையைக் கொடுப்பது யார்?

முதலில் பெண்கள். தமிழ் சினிமாவில் காமெடி டிராக் ஆண்களுடையது. மனோரமா, கோவை சரளா என்று விரல் விட்டு எண்ணலாம். கதாநாயகியாக இருந்தவர் முப்பதைத் தாண்டினால் அக்கா, நாற்பதில் அம்மா. அவரைச் சிரிக்க வைக்கச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஸ்ரீப்ரியா, நளினி, நிரோஷா போன்ற முன்னாள் கதாநாயகிகளை ஒரு கதையின் நடுவில் வைத்து, வீட்டையே இரண்டாக்கும் சண்டைக்காரிகளாக விட்டது அதே ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’தான். சினிமா அவர்களுக்குக் கொடுக்காத பாத்திரம் அது. ‘பாவம், சீரியலுக்கு வந்துவிட்டார்’ என்று பரிதாபப்படுகிறவர்கள், சினிமா அந்த வயதில் அவருக்கு என்ன வைத்திருந்தது என்று சொல்லிவிட்டுப் பரிதாபப்படட்டும்.

அடுத்தது எழுத்து. ஒரு வடிவத்தை ஓய்வு பெற்றவர்களின் திண்ணை என்று முடிவு கட்டினால், அதற்கு நல்ல எழுத்தாளரை யார் தேடுவார்? அமெரிக்கத் தொடர்களுக்குப் பின்னால் ஓர் அறை நிறைய எழுத்தாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே ஒருவரின் தலையில் எல்லாம். இயக்குநர் பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தொடரைத் தயாரித்த நாட்களில், கணவன் மனைவி இருவரின் சில்லறைச் சண்டையை வைத்தே வாரம் தவறாமல் சிரிக்க வைக்க முடியும் என்று காட்டினார்கள். இன்று மாலை வரிசையில் எழுதப்பட்ட நகைச்சுவை அரிது. சிரிக்க வைக்கும் இளைஞர்கள் சமையல் போட்டியில் கோமாளியாகவும், மேடையில் மிமிக்ரி செய்பவர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களின் திறமையில் குறையில்லை. அவர்களுக்கு ஒரு பாத்திரத்தை எழுதித் தர ஆளில்லை.

மூன்றாவது பணம். ‘உங்களுக்கு இப்போது படம் இல்லையே’ என்ற ஒரே வாக்கியத்தில் நாள் சம்பளம் பாதியாகிவிடும். தீர்ப்பு சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. பேரம் பேசுபவர்கள் நன்றாக யோசிக்கிறார்கள். அவமானத்தோடு வருகிறவர் நிபந்தனை போட மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். லூசி அன்று அந்தக் கூச்சத்தோடு சி.பி.எஸ். அலுவலகத்துக்குள் போயிருந்தால், படச்சுருள் யாருக்கு என்ற பேச்சே எழுந்திருக்காது.

பேட்டி எடுப்பவர்களிடம் அதனால் ஒரு விண்ணப்பம். ‘ஏன் சீரியலுக்கு வந்தீர்கள்?’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, இவற்றைக் கேளுங்கள்: இந்தத் தொடரை எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு எபிசோடுக்கு எத்தனை நாள் தருகிறார்கள்? மறு ஒளிபரப்பிலும் யூடியூபிலும் வரும் காசில் உங்களுக்குப் பங்கு உண்டா? ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தீர்களா, அல்லது நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டீர்களா?